பசியில் கிடந்த எலிகள்

எனுகு நகரில் எங்கள் தெருக்காரர் ஒபியெஃபுனா. கல்லூரிச் சோதனைக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நாங்கள் குழம்பில் போடும் கசப்பிலையின் சாற்றைத் தீனியில் கலந்து, சர்க்கரை நோய் வந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. அதோடு அவர் நடையே மாறிவிட்டது. ஆய்வு முடியும் முன்பே கள்ளுக்கடையில் சொல்லிவிட்டார். தன் அக்கா நுவான்னேகா வீட்டில் இன்னும் உரக்கச் சொன்னார்.

“எதுக்கு மச்சான் மாத்திரை? நம்ம இலை போதும். என் கண்ணால பார்த்தேன்.”

அக்காவின் கணவர் ஒக்வுதிலி தையல்காரர், சர்க்கரை நோய்க்காரர். “அப்போ நானும் உன் கூண்டுல ஒரு எலியாடா?” என்று சிரித்தார். ஆனால் மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டு, இலையைக் கசக்கிப் பிழிந்து குடிக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் கூண்டுத் தட்டு கைதவறிக் கவிழ்ந்தது. மரத்தூளுக்கு அடியில் தீனி குவிந்து கிடந்தது. கசப்பு பிடிக்காமல் எலிகள் அதைத் தின்னவே இல்லை. சர்க்கரை இறங்கியது பட்டினியால். மிஞ்சிய தீனியை அளந்து பார்க்க வேண்டியவர் ஒபியெஃபுனாதான். பார்க்காமலே கொட்டி வந்திருக்கிறார்.

கூடத்துத் தலைவரிடம் அன்றே சொல்லிவிட்டார். மச்சானிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மச்சான் எல்லோர் முன்னாலும் தோளைத் தட்டி, “எங்க வீட்டு டாக்டர்!” என்றார். இவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

சில நாளில் மச்சான் கடையிலேயே மயங்கி விழுந்தார். காலில் ஆறாமல் இருந்த புண் அழுகியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒபியெஃபுனா கட்டிலருகே நின்று சொன்னார். “எலிக்குச் சர்க்கரை இறங்கினது சாறால இல்ல மச்சான். எலிங்க பசியில கிடந்திருக்கு. எனக்குப் போன வாரமே தெரியும்.”

மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போன வாரமேவா?” என்றாள் அக்கா. “என் வீட்டுல உட்கார்ந்து தின்னியே, அப்பவுமா?”

“ஆமாக்கா.”

“எழுந்து போ... என் கண்ணு முன்னால நிக்காத.”

அங்கிருந்து நேரே கள்ளுக்கடைக்குப் போய், முன்பு சொன்ன அத்தனை பேரிடமும் உண்மையைச் சொன்னார். “எலி என்னடா சொல்லுது?” என்று இன்றும் கேலி செய்கிறார்கள்.

பிறகு சாற்றை நேராக எலிகளின் வாயில் விட்டுச் சோதித்தார்கள். அது சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தது, மாத்திரையை விடும் அளவுக்கு இல்லை. மச்சான் இப்போது நொண்டியபடி கடைக்குப் போகிறார். கிறிஸ்துமஸுக்கு அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒபியெஃபுனா போனார். “உட்காருடா” என்று மச்சான் இரண்டாம் முறை சொன்ன பிறகே உட்கார்ந்தார். அக்கா தட்டை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.