நெல்லிக்காயும் பாகும்

சாப்பாட்டைப் பற்றிப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்குகிற டயட்டீஷியனால் எந்தப் பந்தியிலும் நிம்மதியாக உட்கார முடியாது. "இன்னும் ஒரு கரண்டி" என்று நீளும் கையைத் தடுத்துத் தோற்றவர்கள்தானே நீங்களும்! ராஜபாளையத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. என் பாடு உங்களுக்குப் புரியும்.

துரு

தளவாய்புரத்திலிருந்து முத்துச்செல்வி வந்தாள். நல்ல கனத்த உடம்பு. முதல் பிள்ளை, பிரஷர் கூடி ஆறாம் மாதமே தங்காமல் போயிருந்தது. இதுவாவது கைக்கு வந்து சேர வேண்டுமே என்று அவளுக்கும், கூட வந்த மாமியார் பாக்கியத்தம்மாளுக்கும் பயம். கேட்ட எனக்கும்தான்.

உடம்பு கனத்த கர்ப்பிணிகளுக்கு உள்ளே ஒருவிதத் துரு கூடுதலாகச் சேரும், அது நஞ்சுக்கொடியைப் பாதிக்கலாம், பிரஷரும் ஏறலாம் என்றேன். கீரை, கொய்யா, நெல்லிக்காயில் இருக்கும் ஆன்டிஆக்சிடன்ட் அந்தத் துருவை மட்டுப்படுத்தும் என்றும் சொன்னேன். பாக்கியத்தம்மாள் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டு இரும்பு கேட்டுக்கு வருசா வருசம் பெயிண்ட் அடிக்கோம். இதுக்கு நெல்லிக்கா போதுமா? அப்ப செலவு கம்மிதான்!"

பாகு

அடுத்த தடவை வந்தபோது எடை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. நெல்லிக்காய் சாப்பிட்டாயா என்றால், தினமும் சாப்பிட்டாளாம். குடைந்து விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பாக்கியத்தம்மாள் ஒரு ஜாடி நிறையக் கருப்பட்டிப் பாகு காய்ச்சி, அதில் நெல்லிக்காயை ஊறப்போட்டு, பாகோடு சேர்த்து ஊட்டியிருக்கிறார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் முகத்திலோ அப்படி ஒரு பெருமை. "நெல்லிக்கா நீங்க சொன்னது, பாகு நான் சொன்னது. ரெண்டு பேரு பேச்சையும் கேட்டிருக்கா மேடம், தங்கமான பிள்ள!"

பார்சல்

முத்துச்செல்வியின் கணவன் ராணுவத்தில் இருக்கிறான். இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டு, வடக்கிலிருந்து ஒரு பெட்டி நிறைய ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை அனுப்பிவிட்டான். எங்கள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, மாத்திரையால் பிரஷர் வராமல் தடுக்க முடியும் என்பதற்கு உத்தரவாதமில்லை, சாப்பாட்டில் கிடைப்பதே போதும் என்று ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார்.

நான் போனில் அவனைக் கொஞ்சம் அதட்டினேன். அவன் மெதுவாகச் சொன்னான்: "லீவு கேட்டேன் மேடம், கிடைக்கல. மாத்திரை கிடைச்சது, அனுப்பிட்டேன்." அதற்கு மேல் எனக்குத் திட்ட மனசு வரவில்லை.

வளையல்

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின வாரம்தான் முத்துச்செல்வியே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கையில் போட்டுப் பார்த்து வளையல் எடுத்திருந்தாள். சடங்கில் அதே வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. "டயட்டு மேடம் கவனிப்பு அம்புட்டு நல்லாருக்கு!" என்று பெண்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரத்தில் கை பெருக்காது, வீங்கத்தான் செய்யும். முகமும் உப்பியிருந்தது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். காலையிலிருந்தே வலிக்கிறது என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன். பாதிச் சடங்கில் எழுப்பக் கூடாது என்று யாரோ இழுத்தார்கள். பாக்கியத்தம்மாள் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சடங்கு கெடக்கு. ஏலே, வண்டிய எடுங்கலே!"

எடை

பிரஷர் எக்கச்சக்கம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார் டாக்டரம்மா. மருந்து கொடுத்துப் பிரஷரை இறக்கி, ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. வராண்டா முழுக்கக் கேட்கும்படி அழுதது. நானும் வெட்கமில்லாமல் அழுதேன். அன்று போல் நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

தாய்க்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளை மட்டும் கொஞ்சம் எடை குறைவு, தாய்ப்பாலில் தேறிவிடும் என்று நர்ஸ் சொன்னார். அதுவரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பாக்கியத்தம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "எடை கம்மியா? அந்தக் கவலைய என்கிட்ட விட்டுட்டு நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க மேடம்!"

ஒருவரை அளவாகச் சாப்பிட வைத்து முடிப்பதற்குள் அடுத்த வாடிக்கையாளர் பிறந்துவிடுவதால், எங்கள் தொழிலில் வேலையில்லாத் திண்டாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.