வயர் போட்டால் பாதுகாப்பு

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு உப்பு, தயிர், ஊசி எதையும் வெளியே கொடுக்க மாட்டோம். பக்கத்து வீட்டு அக்கா முஸ்லிம் என்றாலும் அது அவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் எதுவும் கேட்டு வர மாட்டார். ஆனால் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் யாரும் சொல்லி வைக்கவில்லையே! மூன்று வருஷத்துக்கு முன்னால், விளக்கு வைத்த கையோடுதான் கேட்டார். சொல்லிவிட்டேன்.

அவர் கணவருக்கு வளைகுடாவில் வேலை. அக்கா வீட்டுக்குள் செல்போன் சிக்னல் வராது. "இந்த வருஷம் மச்சான் ஊரோட வந்துடுவாங்க, அதுக்கு எதுக்கு தனி கனெக்சன்?" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். சாயங்காலம் மஃரிபு தொழுகை முடிந்ததும் எங்கள் நடுச்சுவர் ஓரம் முக்காலியில் உட்கார்ந்து வீடியோவில் பேசுவார். அவர் மகன் நடக்கப் பழகியதை அப்பா பார்த்ததே எங்கள் வைஃபையில்தான். நோன்பு மாதம் முழுக்க அந்தச் சுவருக்கு மேலேதான் எங்களுக்குக் கஞ்சி வரும்.

நான் வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறேன். நோயாளிகளின் விவரமெல்லாம் என் லேப்டாப்பில் வந்து போகும். என் கணவரின் கடை படுத்த பிறகு வீடு ஓடுவது இந்த வேலையில்தான். போன மாதம் கம்பெனியிலிருந்து ஒருவர், அங்கிருந்தபடியே என் லேப்டாப் திரையைப் பார்த்துச் சோதனை போட்டார். எங்கள் வைஃபையில் யார் யாரோ இருந்தார்கள். அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு நாகூரிலிருந்து வந்தபோது பாஸ்வேர்டு வாங்கிக்கொண்ட உறவுக்காரர்களின் போன்கள்கூட, அன்று மறுபடி விருந்துக்கு வந்த இடத்தில் தானாகவே ஒட்டிக்கொண்டிருந்தன.

"இவங்கள்லாம் யாருங்க மேடம்?" என்றார் அவர்.

பாஸ்வேர்டை மாற்றுங்கள், இல்லையென்றால் வைஃபையை அணைத்துவிட்டு வயரில் வேலை செய்யுங்கள், அடுத்த சோதனையில் வேறு ஆள் யாராவது இருந்தால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார்.

பாஸ்வேர்டை மாற்றி என்ன புண்ணியம்? அக்கா எட்டிப் பார்த்து, "தங்கச்சி, நெட்டு வரலையே" என்றால் அடுத்த நிமிஷம் புதியதையும் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா! வைஃபையில் ஓட்டை எங்கே என்று கம்பெனி தேடுகிறது. ஓட்டை என் வாய்தான். அதனால் வயரையே பிடித்துக்கொண்டேன். இல்லை என்று நான் சொல்ல வேண்டாம், வயரே சொல்லிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

கூடத்து ரவுட்டரிலிருந்து என் மேஜை வரை வயர் இழுத்து வைஃபையை அணைத்த அன்று, அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று கணவரைக் கெஞ்சினேன். "உன் சிநேகிதி, நீயே சொல்லு" என்று அவர் கழன்றுகொண்டார். சுவரோரம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கோபப்பட்டிருந்தால் எனக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். அவரோ, "அடடா, உன் பொழப்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் முக்காலி காலியாகக் கிடந்தது.

மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பெரிய வயர் சுருள், இடுப்பில் பையன், பையில் புத்தம்புது வைஃபை பெட்டி ஒன்று.

"மச்சான்தான் வாங்கச் சொன்னாங்க. உன் ரவுட்டர்லேர்ந்து இந்த வயரை எங்க வீட்டுக்கு இழுத்துட்டா போதுமாம், மிச்சத்த இந்தப் பெட்டி பாத்துக்குமாம். ஒங்க கம்பெனி வயர்தானே கேக்குது? இதுவும் வயர்தானே, தங்கச்சி!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்காகவே யோசித்து, எனக்கு வலிக்காமல் ஒரு வழி கண்டுபிடித்த சந்தோஷம். முடியாதுக்கா, என் வேலை போயிடும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எந்தப் பக்கம்க்கா சுவத்துல ஓட்டை போடணும்?" என்றது அது.