மைனி வீட்டுப் பால்பவுடர் டப்பா

நான் தெருவில் வருவதைக் கண்டால் பெண்கள் கையிலிருக்கும் பிளாஸ்டிக் கவரை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார்கள். முப்பது வருஷம் ரேஷன் கடையில் எடை போட்டவள் நான். அதட்டல் எனக்குத் தானாக வரும். ஓய்வு பெற்ற பிறகு அதட்ட ஆள் கிடைக்காமல் கொஞ்ச நாள் திண்டாடினேன். அப்போதுதான் குளத்து மடை அடைத்துக்கொண்டது.

சுசீந்திரத்தைத் தாண்டி எங்கள் ஊர். கும்பப்பூ நெல் நடவுக்குத் தண்ணீர் திறந்தால் மடையில் சொட்டுக்கூட இறங்கவில்லை. ஆள் இறங்கித் தோண்டியபோது குழந்தைகளின் டயாப்பரும் எண்ணெய்க் கவரும் பால் கவரும் கூடை கூடையாக வந்தன. கரையில் நின்ற எல்லோரும் மூக்கைப் பொத்தினோமே தவிர, யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. எண்ணெய்க் கவரைப் பார்த்தாலே தெரிகிறதே, நம் வீட்டு எண்ணெய்தான்.

அந்த வாரமே என் கார் ஷெட்டில் ஆறு சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டேன். மகன் வெளிநாட்டில் இருப்பதால் ஷெட் சும்மாதான் கிடந்தது. கட்டிப் பிளாஸ்டிக்குக்கு ஒன்று, கவருக்கு ஒன்று, பிறகு இரும்பு, கண்ணாடி, தாள். ஆறாவது சாக்கு எதிலும் சேராததற்கு. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் தெருவே அங்கே கூடும். சர்ச்சுக்குப் போகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் ஒரே பலகையைச் சுற்றி உட்கார்ந்து பிரிப்போம். கழுவாத கவரை நான் வாங்க மாட்டேன். பாட்டிலில் ஒட்டிய லேபிள், திருகாணி, ஒட்டுத்துணி எல்லாம் கழற்றிய பிறகுதான் எதுவும் சாக்குக்குள் போகும். "இது எந்தச் சாக்கு?" என்று யார் எதைத் தூக்கிக் காட்டினாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் இல்லை, நிறையவே இருந்தது.

தெருவில் ஒரே ஒரு வீடு மட்டும் ஒன்றும் தரவில்லை. அடுத்த வீடு, என் அண்ணன் வீடு. அண்ணன் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணன் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். கேட்டால் மைனி, "எனக்க வீட்டுல குப்ப ஒண்ணும் இல்ல மக்கா" என்பாள். உண்மையும் அதுதான். எண்ணெய்க்குத் தூக்குவாளி கொண்டுபோவாள். கிழிந்த சேலை கால்மிதியாகும், உடைந்த வாளியில் கறிவேப்பிலை முளைக்கும். ஆனால் தெருப்பெண்கள் விடுவார்களா? "ஊருக்குத்தான் உபதேசம், சொந்த அண்ணன் வீட்டுல இருந்து ஒரு மூடி கூட வரல்ல" என்று என் காதில் விழும்படியே சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

சென்ற வருஷம் மைனியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் மகளோடு தங்கப் போன மைனி, கோழிக்குத் தீனி போடச் சொல்லிச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். பச்சைக் குழந்தை வரப்போகிற வீடு, பரணெல்லாம் தூசியும் பல்லியுமாகக் கிடக்கலாமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண்களின் சிரிப்பும் மனதில் இருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

பரணில் ஒரு பெரிய பால்பவுடர் டப்பா இருந்தது. அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருகிற மாதிரி டப்பா. திறந்தால் ஒன்பது பழைய கேசட்டுகள். எல்லாவற்றின் மேலும் மலையாளச் சினிமாப் பாட்டு என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் போட்டுக் கேட்க மிஷின்கூட இல்லையே, இந்தப் பாட்டை வைத்துக்கொண்டு மைனி என்ன செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் முதல் சனிக்கிழமை.

டப்பா இரும்புச் சாக்குக்குப் போனது. கேசட்டை முறைப்படி பிரித்தேன். ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் நீளமாக ஒரு செல்லோ டேப் ஒட்டியிருந்தது, மஞ்சள் பாரித்துப் போய். நகத்தால் நெருடி எடுத்தால் பிசுபிசுவென்று விரலோடு வந்தது. விரலை விடுவிக்க அதைப் பலகை ஓரத்தில் ஒட்டிவிட்டு அடுத்ததை எடுத்தேன். பிறகு உள்ளே இருந்த நாடாவை உருவினேன். அது முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. "பூக்காரி மாதிரியில்லா அளக்கிய" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சுருண்டு சுருண்டு சாக்குக்குள் அடங்காததால் நாடாவைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி ஆறாவது சாக்கில் திணித்தேன். அன்று மத்தியானமே பஞ்சாயத்து வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப்போனது.

அடுத்த புதன்கிழமை மைனி, மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பார்க்கப் போனேன். மருமகன் எங்கோ தேடிப்பிடித்து ஒரு பழைய டேப்ரிக்கார்டர் வாங்கி வந்திருந்தார். அதன் வயரைப் பிடித்துக்கொண்டு பிளக் எங்கே என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைனி ஸ்டூலில் ஏறிப் பரணுக்குள் கையைவிட்டுத் துழாவினாள்.

"ஏட்டி, இங்க இருந்த பால்பவுடர் டப்பாவ எங்க மாத்தி வச்ச?"

"அது போன சனிக்கிழமையே போயிட்டு மைனி. பழைய பாட்டுக் கேசட்டுதான கெடந்துது."

மைனி மெதுவாக ஸ்டூலைவிட்டு இறங்கினாள். கையில் ஒட்டிய தூசியைச் சேலையில் துடைத்தாள்.

"பாட்டு இல்ல மக்கா. ஒனக்க அண்ணன்."

அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. வளைகுடாவில் ஆள் இருந்த எங்கள் வட்டாரத்து வீடுகளில் அது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கடிதம் எழுதப் பொறுமை இல்லாதவர்கள் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டைக் கொடுத்துவிடுவார்கள். பாட்டுக் கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு குழிகள் இருக்கும். அவை திறந்திருந்தால் மேலே எதையும் பதிய முடியாது. செல்லோ டேப் ஒட்டி மூடிவிட்டால் பாட்டை அழித்துவிட்டுப் பேசலாம். அண்ணனும் வளைகுடாவில்தான் வேலை பார்த்தான். அங்கே தன்னோடு தங்கியிருந்தவர்களிடம் கேட்டு வாங்கின பழைய கேசட்டில்தான் எப்போதும் பேசுவான். அவற்றை இதே வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டவள் நான். அதில் எனக்கென்று ஒரு பங்கு இருக்கும். "ஏட்டி, ஒழுங்கா படிக்கியா?" என்று ஆரம்பிப்பான். அந்த டேப்பை என் நகத்தாலேயே நெருடி எடுத்தபோதுகூட எனக்கு நினைவு வரவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகள் பிறந்தபோது அண்ணன் அங்கே இருந்தான். கட்டிட வேலையில் சாரம் சரிந்து இறந்தான். மகளை அவன் பார்த்ததே இல்லை. கடைசிக் கேசட்டில் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அவள் என்னைத் திட்டவில்லை.

"அத்தே, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மருமகனும் நானும் குப்பைக் கிடங்குக்குப் போனோம். ஒரு பெரிய மேடு புகைந்துகொண்டு கிடந்தது. மேலே காக்கை, கீழே நாய். அதில் எங்கே போய்த் தேடுவது? பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் வரும்போது அண்ணன் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அவன் சொன்ன வார்த்தைகள் வந்தன. குரல் வரவில்லை.

அடுத்த முதல் சனிக்கிழமை நான் ஷெட்டைத் திறக்கவில்லை. குளம் சுத்தமாகத்தான் கிடந்தது, மடையில் தண்ணீர் ஓடியது, எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு அழத்தான் வந்தது. ஒன்பது மணிக்கு மைனி வந்து கதவைத் தட்டினாள். கையில் நான்கைந்து மருந்து பாட்டில்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை. கழுவிக் காயவைத்து லேபிள் கிழித்திருந்தாள்.

"ஏன் அடச்சிப் போட்டிருக்க? தொற" என்றாள்.

திறந்தேன். பாட்டில்களைப் பலகையில் வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பலகை ஓரத்தில், நான் ஒட்டிய இடத்தில், ஒன்பது டேப் துண்டுகளும் வரிசையாக இருந்தன.

மைனி ஒன்றின் நுனியை விரலால் தடவினாள். நுனி நேராக இல்லாமல் பல் பல்லாக இருந்தது.

"அவிய ரூம்ல கத்திரி கெடையாது. பல்லால கடிச்சித்தான் ஒட்டுவாவ" என்றாள்.

பிறகு அந்த ஒன்றை மட்டும் கிழியாமல் உரித்தெடுத்து, தெருப்பெண்கள் என்னிடம் கேட்கிற மாதிரியே தூக்கிக் காட்டினாள். அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"இத எந்தச் சாக்குல போடணும் மக்கா?"

ஆறாவது சாக்கு அவள் தோளுக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. மைனி அந்த டேப் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.