பிரதம விருந்தினருக்கு ஒரு கூடை மண்

காலநிலை மாற்றத்துக்கு எதிராகச் சனத்தைத் திரட்ட நாடு முழுக்கச் சுற்றியவள் நான். சுற்றியது குளிரூட்டிய வான் வண்டியில். எந்த ஊரில் நின்றாலும் முதலில் பதாகை இறங்கும், பிறகு தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள், கடைசியாக நாங்கள். பிளாஸ்டிக்கைக் குறையுங்கள் என்று நான் பேசி முடிப்பதற்குள் ஆளுக்கொரு போத்தல் கொடுத்து முடித்துவிடுவார்கள். நெடுங்கேணியில் ஒருவர் தன் போத்தலை உயர்த்திப் பிடித்து, "இதையும் குறைக்கிறதோ மிஸ்?" என்று கேட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் திட்ட இணைப்பாளருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவருக்குக் கமராவைக் கண்டால்தான் பல் தெரியும்.

ஜெயபுரத்துப் பக்கம் ஒரு சிறு குளம். முந்தின வருட மாரிமழையில் அதன் கட்டு உடைந்திருந்தது. ஊரவர்களே கூடி உடைப்பை அடைப்பது, நாங்கள் மண்மூட்டைக்குச் சாக்கும் ஒரு டிராக்டரும் கொடுப்பது என்று ஏற்பாடு. எங்கள் அறிக்கையில் இதற்குப் பெயர் 'சமூக மீள்தன்மை'. கண்டறியாத மீள்தன்மை! நாங்கள் குறுக்கே போகாமல் இருந்திருந்தால் அந்தச் சனம் ஒரு பகலில் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருக்கும்.

உடைப்புக்கு நேர் கீழே ஒரு பெண்ணின் வயல். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். இவருக்குப் புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். காய்ந்த மண்ணிலேயே நெல்லை எறிந்து உழுதுவிட்டு மழையைப் பார்த்திருப்பது இங்கே வழக்கம், புழுதி விதைப்பு என்பார்கள். கட்டு அடைபடும் என்ற எங்கள் வாய்ப்பேச்சை நம்பி, கையிலிருந்த விதைநெல் முழுவதையும் அவர் விதைத்திருந்தார். அடைபடுவதற்கு முன் பெருமழை கொட்டினால் தண்ணீர் அவருடைய வயலுக்கு மேலால்தான் பாயும். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அடைப்பதென்று குறித்த நாள் காலை ஊர் முழுக்க மண்வெட்டியோடு வந்து நின்றது. டிராக்டரும் வந்துவிட்டது. வராதவர் பிரதம விருந்தினர் ஒருவர்தான். போன் எடுக்கும் போதெல்லாம் "இந்தா வெளிக்கிட்டாச்சு" என்றார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, மாலை எல்லாம் மேசையில் அடுக்கி இருந்தன. வெயில் ஏறியது. பிறகு வெயில் போய்விட்டது.

அந்தப் பெண் என்னிடம் வந்தார். "மிஸ், கிழக்கால கறுத்துக்கொண்டு வருது. கொத்தத் தொடங்கட்டோ?"

இணைப்பாளர் முந்திக்கொண்டார். "பொறுங்கோ, பொறுங்கோ. முதல் மண் அவர்தான் போடவேணும். நிகழ்ச்சி நிரலில அப்பிடித்தான் இருக்கு."

"மழைக்கும் ஒரு பிரதி அனுப்பினனீங்களோ?" என்று கேட்டேன். மனிதர் கைப்பேசியைத் தடவத் தொடங்கினார்.

சரி, இந்த ஆள் கொழும்பிலிருந்து வந்த விசரன் என்று விடலாம். ஊர்க் கமக்காரர் சங்கத் தலைவரிடம் போனேன். நாற்பது வருடமாக மண்ணோடு கிடக்கும் மனிதர், மழை இருட்டு அவருக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆனால் சொன்னார்: "பிள்ளை, கூப்பிட்ட மனுசன் வர முதல் கை வைச்சால் எங்கட ஊருக்கு என்ன மரியாதை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷெல்லடிக்குள்ளால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்த சனம் ஒரு பொன்னாடைக்குப் பயந்து நிற்கிறது! "உங்கட மரியாதையைக் கொண்டுபோய் அந்த உடைப்பில போடுங்கோ, அடைபடும்" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. சிலர் என்னைத்தான் முறைத்தார்கள்.

பின்னேரம் அவர் வந்து இறங்கினார். மாலை போட்டார்கள். காற்றில் விளக்கு நிற்கவில்லை, குடை பிடித்து ஏற்றினார்கள். பிறகு பேசினார், வாய் கிழியப் பேசினார். "இனியும் நாம் காத்திருக்க நேரமில்லை" என்றார். மெய்யாகவே அப்படிச் சொன்னார், சனமும் கை தட்டியது. நாடா கட்டிய மண்வெட்டியால் கொஞ்சம் மண்ணை இழுத்துக் கூடையில் போட்டு உடைப்பில் கொட்டினார். படத்தில் கண் மூடியிருந்ததாம், இன்னொரு தரம் கொட்டினார். அப்போதுதான் மழை விழுந்தது. விருந்தினர் மாலையோடு வாகனத்துக்கு ஓடினார்.

அதன் பிறகு ஊர் பாய்ந்து வேலை செய்தது. என்ன பிரயோசனம்? மண் கூழாகிவிட்டது, டிராக்டர் புதைந்தது, போட்ட மூட்டையெல்லாம் தண்ணீரோடு போனது. அந்தப் பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூட்டை அடுக்கினார். இரண்டு பேர் போய் இழுத்து வந்தார்கள். "என்ர நெல்லு, என்ர நெல்லு" என்று அவர் கத்தியது மழைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. விடிந்து பார்க்க வயல் முழுக்க மணல்.

காலையில் நாங்கள் பூவரசங்குளத்துக் கூட்டத்துக்குப் போனோம். வானுக்குள் இணைப்பாளர் படங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "மழையோட வந்தது நல்லாப் போச்சு, காலநிலை மாற்றம் அப்பிடியே தெரியுது" என்றார். சீ, இதுவும் ஒரு பிறவி!

அந்த வருடம் அந்தப் பெண் பிறருடைய வயல்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினார் என்று பிறகு அறிந்தேன்.

அடுத்த வருடம் மாரிக்கு முன் அதே பதாகையோடு அதே கூட்டம் மறுபடியும் அந்தக் குளத்துக்குப் போனது. அதே பிரதம விருந்தினரும் வந்தார், இம்முறையும் பிந்தித்தான். ஆனால் கட்டு முழுதாக நின்றது, புல்லும் பதித்திருந்தார்கள். கட்டின் ஓரத்தில் அந்தப் பெண் நின்றார். பக்கத்தில் ஒரு கூடை.

"கட்டு போன மாசமே கட்டியாச்சு மிஸ்" என்றார் என்னிடம். "ஒருத்தரையும் பாத்துக்கொண்டு நிக்கேல்ல. உங்கட பெரியவருக்கெண்டு இந்தக் கூடையை வைச்சிருக்கிறன். கட்டில கொட்ட வேண்டாம், இஞ்சால கொட்டிப்போட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கோ."

"நல்ல ஏற்பாடு" என்றார் இணைப்பாளர். முகமெல்லாம் பல்.

பெரியவர் கூடையைத் தூக்கினார். அவர் நினைத்ததைவிடப் பாரம், இடுப்பில் சாய்த்துப் பிடித்தார். உள்ளே இருந்தது மணல்.

"கனக்குதோ சேர்?" என்று கேட்டார் அந்தப் பெண். "போன முறை நீங்கள் வந்தபோது என்ர வயலுக்குள்ள வந்தது. இன்னும் அள்ளி முடியேல்ல."