இதில் நீங்கள் செய்தது எது

பெண் பார்க்கப் போகிறவன் போனை சைலன்ட்டில் போட்டுக்கொண்டு போக வேண்டும். சட்டைக்கு என்ன கலர், நெற்றியில் எவ்வளவு விபூதி என்றெல்லாம் பாடம் எடுத்த என் அம்மா இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

எங்கள் குடும்பம் மலையிலிருந்து சந்தவாசலுக்கு இறங்கி வந்த குடும்பம். அதனால் மலைமேல் புதூர்நாட்டில் ஒரு பெண் இருக்கிறது, நம்ம ஜனம்தான் என்று தரகர் சொன்னதும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நான் போளூரில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளன். அதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை என்பதால், பையனுக்குக் கெட்ட பழக்கம் கிடையாது, வேலை விட்டு வந்தால் போனை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வான் என்று அம்மா தரகரிடம் சொல்லியிருக்கிறார். தரகர் கெட்டிக்காரர். அதைப் பெண் வீட்டில் போய், மாப்பிள்ளை சாயங்காலத்தில் ஆன்லைனிலும் வேலை செய்கிறார் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆன்லைன் வேலை ஒரு விளையாட்டு. அதற்குள் ராஜாக்கள் உண்டு, மந்திரவாதிகள் உண்டு, சிறகு முளைத்த ராட்சதப் பல்லிகள் உண்டு. நமக்கென்று ஒரு வீரனை உருவாக்கிக்கொண்டு, காடு மேடெல்லாம் சுற்றி, சண்டை போட்டுப் பெரிய ஆளாக வேண்டும். உலகமெங்கும் பல பேர் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். என் வீரன் பார்க்க ஜோராக இருப்பான். மார்பில் வெள்ளிக் கவசம், தோளில் கரடித்தோல், கையில் நீல நெருப்பு எரியும் வாள். தலைநகரத்துக் கடைத்தெருவில் நான் நடந்து போனால் புதிதாக வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். டைல்ஸ் கடையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பஸ் மாறி, கடைசியில் ஜீப்பில் நசுங்கி, நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் சட்டையின் இஸ்திரி எங்கோ ஒரு கொண்டை ஊசி வளைவில் விழுந்துவிட்டிருந்தது. டீயும் பலாச்சுளையும் கொடுத்தார்கள். பெண்ணின் அப்பா நிதானமான மனிதர். நிலம் எவ்வளவு, கடையில் எத்தனை வருஷம் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஆன்லைனில் என்ன வேலை என்றும் கேட்டார். நான் பலாச்சுளையை வாயில் போட்டுக்கொண்டேன். அதன் பிசின் அவ்வளவு உதவியாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகு எங்கள் இருவரையும் பேசச் சொல்லி வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அனுப்பினார்கள். அவள் டிகிரி முடித்துவிட்டு, சாமை சுத்தம் செய்யும் மெஷின் வைத்திருக்கும் கூடத்தில் வேலை பார்ப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். நான் அதைப் பற்றி ஏதாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையிலிருந்து போன், சுத்தியல் இரும்பில் விழுவது மாதிரி டங் டங்கென்று இரண்டு முறை அடித்தது. நாம் சந்தையில் விற்க வைத்திருக்கும் பொருளை யாராவது வாங்கினால் அந்த விளையாட்டு அப்படித்தான் மணி அடிக்கும்.

நான் போனை அமுக்கப் போனேன். அவள் அவசரப்படாமல், "இன்னா வித்துச்சு?" என்று கேட்டாள்.

ஓநாய்த் தோல் என்று சொன்னேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவளும் ஆடுகிறாளாம். மலைக்கு டவர் வந்த நாளிலிருந்து ஆடுகிறாளாம். உங்கள் ஆளைக் காட்டுங்கள் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜாதகப் பொருத்தத்தை விடப் பெரிய பொருத்தம் வந்து வாய்த்துவிட்டது என்று நினைத்துப் போனைப் பெருமையாக நீட்டினேன். வெள்ளிக் கவசத்தில் நின்றிருந்த என் வீரனை அவள் மேலிருந்து கீழே வரை பார்த்தாள். பிறகு வாளை ஒரு விரலால் தொட்டாள்.

அந்த விளையாட்டில் ஒரு விஷயம் உண்டு. எந்தப் பொருளைத் தொட்டாலும், அதைச் செய்த ஆட்டக்காரரின் பெயர் அடியில் பொடி எழுத்தில் வரும். வாளுக்கு யாரோ ஒருவர் பெயர் வந்தது. கவசத்துக்கு வேறொருவர். காலணிக்கு இன்னொருவர். எல்லாம் நான் சந்தையில் பொற்காசு கொடுத்து வாங்கியவை. தையல்காரர் தைத்துக் கொடுத்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல, கைக்காப்பு இடுப்புக்கச்சை வரைக்கும் ஒன்று விடாமல் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல நீங்க செஞ்சது எதுங்க?"

ஒன்றும் இல்லை என்றேன். ஓ என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் கொடுப்பதற்கு முன் என் நண்பர்கள் பட்டியலில் தன்னைச் சேர்த்துவிட்டிருந்தாள். அவளுடைய வீராங்கனை போட்டிருந்தது சாதாரணமான பழுப்பு நிறத் தோல்சட்டை. தொட்டுப் பார்த்தேன். உச்சி முதல் கால்வரை எல்லாவற்றிலும் அவள் பெயரே இருந்தது.

யோசித்துப் போன் செய்கிறோம் என்று அவள் அப்பா எங்களை வழியனுப்பினார். ஜீப் இறங்கும் வழியெல்லாம் அம்மா பொருமிக்கொண்டே வந்தார். அது மாப்பிள்ளை வீட்டார் சொல்ல வேண்டிய வசனமாம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்றுதான் பயம். நண்பர்கள் பட்டியலில் அவள் பெயரைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாளே நான் கொல்லன் தொழிலில் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு ஈவு இரக்கம் கிடையாது என்று. மலையடிவாரத்தில் பாறையை உடைத்து இரும்புக்கல் எடுக்க வேண்டும். மரம் வெட்டிக் கரி சுட வேண்டும். உலையில் போட்டு உருக்க வேண்டும். நெருப்பு குறைந்தால் இரும்பு உருகாது, கூடினால் கருகும். இத்தனையும் செய்த பிறகு புதுக் கொல்லனுக்குச் செய்ய அனுமதி உள்ள ஒரே பொருள் ஆணி. கை தேறும் வரை ஆணியேதான் அடிக்க வேண்டும். அதை யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

ஒரு சாயங்காலம் அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, ஆணி என்று உண்மையைச் சொன்னேன்.

"கொடிக்கயிறு கட்ட ஒரு ஆணி அடிச்சுக் குட்றான்னு பொங்கலுக்குச் சொன்னேன். நீ போனுக்குள்ள போய் அடிச்சிக்கினு கீறியா?"

அன்றைக்குச் சாம்பாரில் உப்பு கூடுதலாக இருந்தது. வேண்டுமென்றே போட்டார் என்று நான் சொல்லவில்லை.

அவள் அவ்வப்போது விளையாட்டுக்குள் வருவாள். உலை இருந்தது காட்டோரத்தில். பக்கத்து ஓடையில் உட்கார்ந்து மீன் பிடிப்பாள். சாமை வேலை முடிந்ததா என்று நான் எழுதினால், முடிந்தது என்று பதில் வரும். ஆணி கருகினால் ஒரு சிரிப்புப் பொம்மை வரும். அவ்வளவுதான். கொல்லன் தொழிலில் அவள் எங்கேயோ உச்சியில் இருந்தாள். ஆனால் நெருப்பை இத்தனை வை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவள் கை பட்டது என்றாகிவிடும் என்று ரோஷம்.

மலையில் மழை என்றால் டவர் போய்விடும். அப்போது அவளுடைய வீராங்கனை ஓடையிலிருந்து எழுந்து நடக்கும்போதே ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நின்றுவிடுவாள். காட்டில் ஓநாய்கள் உண்டு. ஆள் அசையாமல் நின்றால் வந்து கடித்துவிடும், கடித்தால் அன்று சேர்த்ததெல்லாம் போய்விடும். எனவே நான் கையோடு கொண்டுபோகும் சின்னப் பட்டறைக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு ஆணி அடிப்பேன். ஓநாய் வந்தால் எழுந்து நீல வாளால் ஒரு வெட்டு, மறுபடி ஆணி. இதையெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. வயதுவந்த ஆண்பிள்ளை, போளூர் பஸ்ஸில் நின்றபடி செய்கிற காரியமா இது?

ஆனி மாதம் முடிந்துகொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். மலையிலிருந்து போன் வரவில்லை. அந்தச் சமயத்தில் தரகர் வந்து, அந்தப் பெண்ணுக்குத் திருப்பத்தூரிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது, மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். வெறும் ஆணி அடிக்கிறவன் எங்கே, அரசாங்க வேலை எங்கே. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆணியிலிருந்து அப்போதுதான் நான் தலைக்கவசம் செய்யும் அளவுக்கு ஏறியிருந்தேன். ஒன்று செய்து அவளுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதில் என் பெயர் இருக்கும். ஆனால் என்னிடம் இருந்த மட்டமான இரும்பை வைத்து அவளுக்குச் செய்ய மனம் வரவில்லை. நல்ல உலோகம் ஓரிடத்தில்தான் இருந்தது. என் உடம்பில்.

அந்த விளையாட்டில் எந்தப் பொருளையும் உடைத்தால் அதற்குள் போட்ட சரக்கு திரும்பக் கிடைக்கும். பொருள் மட்டும் போய்விடும், திரும்ப வராது. வெள்ளிக் கவசத்தை உடைத்தேன். காப்பு, கச்சை, காலணி எல்லாவற்றையும் உடைத்தேன். நீல வாளை உடைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். கிடைத்த அத்தனையையும் உலையில் கொட்டி அடித்தேன். வந்து விழுந்தது ஒரு சொட்டைத் தகரச் சட்டி. கற்றுக்குட்டி எதைப் போட்டுச் செய்தாலும் அப்படித்தான் வருமாம். அடியில் என் பெயர் பளிச்சென்று இருந்தது. அதை அவளுக்கு அனுப்பிவிட்டுத் தலைநகரத்துக் கடைத்தெரு வழியாக நடந்தேன். கவசம் எல்லாம் கழன்ற பிறகு அந்த விளையாட்டு நமக்கு மிச்சம் வைப்பது ஒரு அரை டிராயர் மட்டுமே. அன்றும் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

மறுநாள் மதியம், ஒருவருக்குக் குளியலறை டைல்ஸ் காட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவள்தான். தரகரிடம் எண் வாங்கியிருக்கிறாள். வெளியே வந்து எடுத்தேன்.

"உங்க ஹெல்மெட்ட உடைச்சிட்டேங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பியிருக்கலாமே, உடைப்பானேன் என்று கேட்டேன்.

பிடிக்கவில்லை என்று யார் சொன்னது என்றாள். பார்க்கச் சட்டி மாதிரி இருந்ததாம், எடையைப் பார்த்தால் சட்டியை விடப் பல மடங்கு கனத்ததாம், உள்ளே என்னதான் போட்டிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் உடைத்தாளாம். உடைத்ததும் வெள்ளி வெள்ளியாகக் கொட்டியதாம். நடுவில் நீலமாக ஒரு துண்டு கிடந்ததாம்.

"அந்த வாள உடைச்சீங்களா? ஒரு ஹெல்மெட்டுக்கு ரெண்டு கட்டி இரும்பு போதுங்க. இன்னாத்துக்கு இவ்ளோ போட்டீங்க?"

"எவ்ளோ போடணும்னு எனக்குத் தெரியலங்க" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவள், நாளைக்குத் தன் அப்பா என் அம்மாவுக்குப் போன் செய்வார், தன் சம்மதத்தை வீட்டில் எப்போதோ சொல்லியாகிவிட்டது என்றாள். உலையில் நான் கடைசியாக என்ன செய்து முடிக்கிறேன் என்று பார்ப்பதற்காக அவள்தான் அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாளாம். திருப்பத்தூர்க்காரரைக் கேட்டு வந்த அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கடை வாசலில் அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். எப்போது சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மழைல டவர் போய்டும் இல்லங்க. திரும்ப வந்து பாத்தா என்னச் சுத்தி ஓநாய் செத்துக் கெடக்கும். நீங்க பக்கத்துல உக்காந்து உங்க பாட்டுக்கு ஆணி அடிச்சிட்டு இருப்பீங்க. அப்பவே சொல்லிட்டேன்."

அந்தச் சந்தோஷத்திலும் ஒரு கணக்கு இடித்தது. அப்போதே சொல்லிவிட்டாள் என்றால், கவசம், காப்பு, காலணி எல்லாவற்றையும் உடைத்து அரை டிராயரோடு ஊர்வலம் போனது?

"அப்ப என் வாளு வீணாப் போச்சுங்களா?"

"போனது போனதுதான். ஆடி கழியட்டும், வேற செஞ்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.