டாக்டர் கேட்ட பத்துச் சொல்

தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கும்போது என் இடக்கை எனக்குக் கட்டுப்படவில்லை. கால் மடங்கித் தேயிலை மலையிலேயே விழுந்தேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து கம்பளியில் தூளி கட்டிப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். பாரிசவாயு (உடம்பில் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் டாக்டர்.

நான் கொழுந்துக்காரி, தோட்டத்து மருத்துவச்சியும் நான்தான். எழுத்து தெரியாது. நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். இதே நோயில் கிடப்பவர்களே, கையைவிட உங்கள் புத்தியைத்தான் அதிகம் சோதிப்பார்கள். பயப்படாதீர்கள்.

மூன்றாம் வாரம் விரல் அசைந்தது. அன்று டாக்டர் பத்துச் சொல் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். கடிகாரம், நாற்காலி, மைக்கூடு... இப்படி. எனக்கு மூன்றுதான் நின்றது. இது எந்த வருஷம் என்றார். தெரியாது. அடுத்த கட்டிலில் கிடந்த பள்ளிக்கூட டீச்சரம்மா பத்தையும் ஒப்பித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

கதவோரம் எங்களை வேலை வாங்கும் கங்காணி முத்துச்சாமி, தோட்டத்தை விட்டு அனுப்பும் துண்டுச் சீட்டோடு நின்றான். புத்தி கெட்டதென்று டாக்டர் சொன்னால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு போகும். கப்பலேறி, இந்தியாவில் எனக்கு யாருமில்லாத ஊருக்குப் போகவேண்டும்.

“ஆயிக்கு எல்லாம் மறந்துபோச்சுங்க,” என்றான்.

வந்ததே கோபம்! “ஏன்டா, ஒன் வயசென்ன? சொல்லு,” என்றேன்.

“முப்பது... முப்பத்தஞ்சு இருக்கும்.”

“இருக்குமா? காப்பி பட்டுப்போயி, நாலாம் மலையில மொத தேயிலக் கன்னு வச்ச மாசம், வெள்ளிக்கெழம பொறந்த. கழுத்துல கொடி சுத்தி நீலமா கெடந்த. நான்தான்டா ஒன்ன அழ வச்சேன்!”

அவன் தம்பிமார், தங்கச்சி, அவனுடைய நாலு பிள்ளைகள் என்று அடுக்கினேன். எந்த மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது எது பிறந்தது, எது தலைகீழாக வந்தது, ஒன்றும் தப்பவில்லை. டாக்டர் அவனைப் பார்த்தார்.

“எல்லாம் சரிதாங்க,” என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

டாக்டர் சிரித்துவிட்டார். “பள்ளிக்கூடம் போகாதவங்ககிட்ட பள்ளிக்கூடக் கேள்வி கேட்டது என் தப்பு. இந்தம்மா புத்திக்கு ஒண்ணுமில்ல,” என்றார். முத்துச்சாமி துண்டுச் சீட்டை மடித்து மடியில் சொருகினான். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை இன்னும் குறையவில்லை.

இடக்கை இப்போது பாதிதான் பேச்சுக் கேட்கிறது. கொழுந்து எடுப்பதில்லை. காலத்தை மலை வைத்துச் சொன்ன நான், இப்போது விழுந்ததற்கு முன், பின் என்றும் சொல்கிறேன்.

போன மாசம் முத்துச்சாமிக்கு ஐந்தாவது பிள்ளை. நான் வலக்கையால் ஏந்த, என் மகள் இடப்பக்கம் தாங்கினாள். வீறிட்டு அழுதது.

“ஆயி, நாள ஞாபகம் வச்சுக்குங்க,” என்றான்.

“இத நான் வச்சுக்கிறேன். நீ மொதல்ல ஒன் வயச ஞாபகம் வச்சுக்க,” என்றேன்.