ஒரு பக்கம் தீட்டிய கத்தி

என் கணவர் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு சாமான் வரும். பையனுக்கு வாக்மேன் வந்த வருஷம் உண்டு. எனக்கு ஜூஸ் பிழியும் மிஷின் வந்து, ப்ளக் பொருந்தாமல் நேரே பரணில் ஏறிய வருஷமும் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் கத்தி தீட்டும் பெட்டி வந்தது. அந்த வருஷம்தான் பையன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிருந்தான். ராஜா அண்ணாமலைபுரத்து இரண்டாவது மாடி ஃபிளாட்டில் நான் தனியாக இருக்க ஆரம்பித்திருந்தேன்.

தனியாக இருப்பது என்றால் என்னவென்று எனக்கு அதுவரை தெரியாது. ஆபீஸ் விட்டு, மந்தைவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காய் வாங்கிக்கொண்டு வந்து பூட்டைத் திறப்பேன். காலையில் காபி குடித்த டம்ளர், வைத்த இடத்திலேயே இருக்கும். பையன் இருந்தவரை டம்ளர் எங்கே போயிற்று என்று தேடுவதே எனக்கு வேலை. அப்போது கத்தியிருக்கிறேன். இப்போது தேடாமலே, வைத்த இடத்திலிருந்து எடுத்துக் கழுவிக் கவிழ்ப்பேன். ஒருத்திக்கு ரசம் வைக்கிற அளவு மட்டும் எனக்குக் கடைசிவரை கைவரவே இல்லை.

ஆனால் இந்தத் தனிமைக்கு ஒரு முடிவு இருந்தது. இந்தக் கான்ட்ராக்ட்தான் கடைசி, தை பிறந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். தை மாதத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் நான் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். லீவில் வந்தவரிடம் அதைப் பற்றி நிறையப் பேச வேண்டும் என்று இருந்தது. இங்கே வந்து என்ன வேலை பார்ப்பார், பையன் ரூமை என்ன செய்வது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு தினமும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் எப்படி இருக்கப்போகிறோம். இதையெல்லாம் நிமிஷக் கணக்கில் காசு ஓடும் ஐ.எஸ்.டி. போனில் பேச முடியாது.

அவரோ வந்த மறுநாளே பால்கனியில் மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னார். அருவாமணையையும் கேட்டார். அது பெட்டியோடு வந்த கிளாம்ப்பில் மாட்டாது என்று தெரிந்ததும் அவர் முகம் வாடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருந்தது இதுதான். கத்தியின் முதுகைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளாம்ப். அதன் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக வரிசையாக ஓட்டைகள். சொரசொரப்பிலிருந்து வழவழப்பு வரை சில கற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளக் கம்பி. கம்பியை ஓட்டையில் நுழைத்து, கல்லைக் கத்தியின் விளிம்பில் வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். கம்பி ஓட்டைக்குள் இருப்பதால் கை எப்படிப் போனாலும் கல்லின் சாய்வு மாறாது. விளிம்பில் பளபளவென்று ஒரு பட்டை விழும். பிறகு திருப்பி, அந்தப் பக்கத்து அதே ஓட்டையில் கம்பியை விட்டு, மறுபக்கம். இரண்டு பட்டையும் அகலத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்க இவ்வளவுதான்.

இவ்வளவுக்கு அவர் செய்த ஆர்ப்பாட்டம் இருக்கிறதே. விளிம்பில் கறுப்பு மார்க்கரால் கோடு தீட்டுவார், கல்லை மெதுவாக ஓரிரு இழுப்பு இழுப்பார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பார். கத்தி கிளாம்ப்பில் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் கழற்றி, காலண்டர் அட்டையில் துண்டு வெட்டி முட்டுக் கொடுத்து மறுபடி மாட்டுவார். முடித்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தப் பக்கம் நூல் அகலம் ஜாஸ்தியா இருக்கு பாரு" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. "ஆமாம்" என்பேன். திரும்பவும் முதலிலிருந்து.

கல்யாணமான புதிதில் என் புடவை மடிப்பைக்கூட இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை மனுஷன். எரிச்சலாக வந்தது. பக்கத்தில் ஒரு பிரம்பு மோடாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "தைக்கு அப்புறம் நீங்க என்ன பண்ணலாம்னு இருக்கேள்?" என்று கேட்டேன். "இரு, இந்தப் பிசிர் எழும்பட்டும்" என்றார். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்துவிட்டால் மறுபக்கத்து விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி மெல்லிசாகப் பிசிர் எழும்பும். அது எழும்பினால்தான் கத்தியைத் திருப்பலாம். பிசிர் எழும்பியது. கத்தியைத் திருப்பினார். நான் கேட்டது அங்கேயே நின்றது.

வேலைக்கு வருகிற அம்மாவுக்கு இந்தக் கூர்மை பிடிக்கவே இல்லை. ஆற்றோரக் குடிசைப் பகுதியிலிருந்து விடிந்ததும் நடந்து வருகிறவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். வெங்காயம் நறுக்கும்போது விரலில் பட்டுவிட்டது. "இன்னாம்மா கத்தி இது? வெட்டுனா வலிக்கவே மாட்டேங்குது. ரத்தத்தப் பாத்தப்பறம்தான் வெட்டிக்கினேன்னே தெரியுது. பழைய கத்தி எங்க கீது?" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பழைய கத்தியும் அதுதான் என்று சொன்னதை அவள் நம்பவில்லை.

கிளம்புகிற நாள் வந்தது. சாயங்காலம் ஃப்ளைட். சொல்லிக்கொள்ள வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி கட்டி, கயிறு சுற்றி, வாசலில் வைத்தாயிற்று. அவர் மட்டும் பால்கனியில் கடைசிக் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். காபி ஆறுகிறது என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கல் சர்ரக் சர்ரக்கென்று ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த மனுஷனுக்குக் கத்திப் பைத்தியம் முற்றிவிட்டது என்று வந்தவர்களிடம் சிரித்துச் சமாளித்தேன். கடைசியில் கார் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தார். "ஒரு பக்கம் முடிஞ்சுடுத்து. அப்படியே இருக்கட்டும், தொடாதே. வந்து மத்த பக்கம் போட்டுக்கறேன்" என்றார். போய்ட்டு வரேன் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கித் துடைக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. போய்ச் சேர்ந்தாயிற்று என்று மஸ்கட்டிலிருந்து போன் வந்ததும் வீட்டைப் பெருக்கச் சொன்னேன். பால்கனி மேசையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கிளாம்ப்பில் மாட்டிய கத்தி, கீழே விரித்த பேப்பர், அதில் உதிர்ந்திருந்த இரும்புத் தூள், கல்லுக்குப் போட்ட மிஷின் எண்ணெயின் கறை, எல்லாம் அவர் விட்டுப்போனபடி இருந்தால் அவர் வந்து முடித்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு. நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பாலிசி பார்க்கிறவள். அங்கே யாராவது இப்படிப் பேசியிருந்தால் சிரித்திருப்பேன்.

"தூளு தூளா கீது, தட்டி உட்டுரவா?" என்று வேலைக்காரம்மா விளக்குமாற்றோடு நிற்பாள்.

"ஐயா வந்து முடிப்பார். தொடாதே."

"ஐயா வர்றதுக்குள்ள அது துரு புட்சிக்கினு பூடும்மா."

துருப் பிடிக்கக்கூடாது என்று மழை நாளில் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து வைத்தேன். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. மார்கழியில் விடிகாலையில் மயிலாப்பூர்ப் பக்கம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பால்கனியில் நின்று காபி குடிக்கும்போது அந்தக் கத்தியைப் பார்ப்பேன். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அதனிடம் சொல்வேன். பேச வேறு ஆளில்லை.

அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் போன் செய்வார். பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எடுத்த எடுப்பில், பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டார். பிறகு வெயில், மழை. பிறகு, "இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் குடுத்திருக்கா" என்றார். குடுத்திருக்கா என்றுதான் சொன்னார், கேட்டு வாங்கினேன் என்று சொல்லவில்லை. பையன் படிப்புச் செலவுக்கு ஆகும் என்றார். சரி என்றேன். போனை வைத்த பிறகு கூடத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு நேரே பால்கனிக்குப் போனேன். பிளாஸ்டிக் பையை எடுத்து வீசினேன். இனி இவர் வந்து இந்தக் கத்தியை முடிப்பதாவது என்று இருந்தது.

எந்த ஓட்டை என்று அவர் சொல்லவில்லை. அவர் செய்ததைப் பார்த்திருந்தேன் இல்லையா? விளிம்பில் மார்க்கரைப் பூசி, ஒரு ஓட்டையில் கம்பியை விட்டு லேசாக இழுத்தேன். மை முதுகுப் பக்கத்து ஓரம் மட்டும் போயிற்று, வெட்டுகிற ஓரத்தில் அப்படியே கறுப்பாக நின்றது. அப்படியானால் கல் ரொம்பப் படுத்திருக்கிறது. அடுத்த ஓட்டைக்கு மாற்றினேன். இப்போது மை முழுசாக அழிந்தது. நானே ஆச்சரியப்பட்டேன். பிறகு தேய்த்தேன். என் கோபத்துக்கு அது நல்ல வேலையாக இருந்தது. ஆனால் கோபத்தோடு அழுத்தினால் பட்டை அங்கே அகலமாகிவிடுகிறது என்று சீக்கிரமே தெரிந்தது. கையைத் தளர்த்தி, பிடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகக் கொண்டு போக வேண்டியிருந்தது. பொங்கல் லீவு முழுக்க அதோடு உட்கார்ந்தேன். முடிவில் ஒரு ரிப்பன் மாதிரி ஒரே அகலத்தில் பட்டை விழுந்தது.

கத்தியைக் கழற்றி பீன்ஸ் நறுக்கினேன். நுனியில் நறுக்கிற்று, பிடியோரம் நறுக்கிற்று, நடுவில் மட்டும் அறுபடாமல் துண்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோரணமாக வந்தது. என் பக்கம்தான் தப்பு என்று நினைத்து, விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் பக்கம் சரியாக இருந்தது. திருப்பினேன்.

அவர் பக்கத்துப் பட்டை நடுவில் அகலமாகப் பெருத்திருந்தது. ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து விளிம்பே அங்கே உள்வாங்கியிருந்தது. பலகையில் விளிம்பை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மற்ற கத்திகளை எல்லாம் எடுத்துவந்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு பிசகு இல்லை. நூல் அகலம் கூடினதற்காக முதலிலிருந்து ஆரம்பித்த மனுஷர், இதை எப்படி விட்டார்? அன்றைக்கு அவர் கத்தியைப் பார்க்கவே இல்லை. கை மட்டும் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கூடத்தில் நான் அவர் தையில் வந்துவிடுவார் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பால்கனிக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. பையனைப் பற்றி அவர் ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே கேட்டேன்.

"கிளம்பின அன்னிக்கே உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"எது?"

"ரெண்டு வருஷம்."

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. அந்தக் கடைசிக் கத்தியோட மத்த பக்கத்தை நானே தீட்டினேன்."

அவர் உடனே புரிந்துகொண்டார். கத்தி விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். "நடுவுல குழிஞ்சுடுத்தோ?" என்றார்.

"குழிஞ்சிருக்கு."

"லீவுக்கு வரத்துக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டாச்சு. வந்த அன்னிக்கே சொல்லிடணும்னுதான் வந்தேன். நீ தை, தைன்னு சொல்லிண்டே இருந்தே. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு ஒவ்வொரு கத்தியா எடுத்துண்டேன்."

எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. அந்த ஊரில் அவரும் ஒரு டம்ளரைக் காலையில் வைத்த இடத்திலேயே சாயங்காலம் எடுக்கிறவர்தானே என்று தோன்றியது.

"அடுத்த லீவுக்கு ஒண்ணும் வாங்கிண்டு வராதீங்கோ. கத்தியெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா வாங்கோ. என் பக்கத்துல உக்காந்து பேசிண்டிருங்கோ, போறும்" என்றேன்.

"என்னடி பேசறது?" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை.